கணினி வீரருக்கு ஒரு பிரிவுரை

'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர் ஜெர்மனிக்காரர் மார்க்கஸ் ஹைன்சன். அதில் லீக் நடத்தும் ரசிகர்கள் சிலர், தங்கள் வீரர் ஓய்வுபெறும்போது பிரிவுரை எழுதுவார்கள். நான் விரும்பிப் படிப்பது அதைத்தான்.

கையில் இருப்பதோ ஆண்டுக்கு ஒரு வரிப் புள்ளிவிவரம். 27 வயதில் .320 சராசரியில் அடித்தவர் 35 வயதில் .240க்கு இறங்கியிருப்பார், அடுத்த வரியில் அணியின் பெயரே மாறியிருக்கும். கெட்டிக்காரர் அந்த இடத்தில்தான் நின்று எழுதுவார்: முழங்கால் காயம், கைமாற்றிவிட்ட கிளப், மைனர் லீக்கில் கழிந்த கடைசிக் கோடை. வெறும் ஹோம் ரன் கணக்கை அடுக்கினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். நட்சத்திரங்களைவிட, ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் ஓர் ஓட்டுகூட விழாத மாற்று கேட்சரைப் பற்றிய குறிப்புதான் ருசி. ஆள் பொய்தான், அதற்காக, 15 சீசன் பெஞ்சைத் தேய்த்தவரை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப முடியுமா?