கடலடிப் பாறையின் எண்களை ரசிப்பது எப்படி?

எரிமலை என்றால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். நெருப்பு, புகை, ட்ரோன் வீடியோ என்றால் நள்ளிரவு வரை உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதே எரிமலைப் பாறையின் வேதியியலைப் பேசத் தொடங்கினால், "அது வெறும் அட்டவணை" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு இதில் தீராத எரிச்சல். நம் காலுக்கு வெகு கீழே, மேலோட்டுக்கு அடியில் இருக்கும் பூமியின் மேன்டில் அடுக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிற அட்டவணை அது!

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். கடலுக்கு அடியில் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைத்தொடர் ஓடுகிறது. அங்கே பூமியின் மேலோட்டுத் தட்டுகள் விலக, இடைவெளியை நிரப்ப மேன்டில் மேலேறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது, ஒரு பங்கு உருகுகிறது, உருகியது பசால்ட்டாக வெளியே வருகிறது. மேன்டில் குழம்பல்ல, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் திடப்பாறை. அவ்வளவுதான்.

முதலில் கண்ணாடியைப் பாருங்கள். லாவா கடல்நீரைத் தொட்டதும், படிகமாக மாற நேரமில்லாமல், அதன் மேல்தோல் கறுப்புக் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. இரும்பு வலைக்கூடையைக் கடலடியில் இழுத்து, சிக்கிய பாறையை உடைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் இடுக்கியால் சுத்தமான சில்லுகளை மட்டும் பொறுக்கி, அமிலத்தில் கழுவுகிறார்கள். காரணம் இருக்கிறது. கடல்நீரில் ஸ்ட்ரான்சியத்தின் இரு ஐசோடோப்புகளான (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களான) 87-க்கும் 86-க்குமான விகிதம் 0.7092. நடுக்கடல் பசால்ட்டில் அது பெரும்பாலும் 0.7025-ஐ ஒட்டியே இருக்கும். கடல்நீரின் கறை சற்று ஒட்டியிருந்தாலும் பாறை பொய் சொல்லும். கதை முழுவதும் மூன்றாவது, நான்காவது தசம இடத்தில்தான் நடக்கிறது.

இனி நான் சொல்லப்போவதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தனிம விகிதம் வேறு, ஐசோடோப் விகிதம் வேறு. லாந்தனத்துக்கும் சமாரியத்துக்குமான விகிதம் ஒரு பாறையில் கூடியிருந்தால், அடியில் வேறு மேன்டில் வந்துவிட்டது என்று துள்ளக் கூடாது. லாந்தனம் உருகலுக்குள் முந்திக்கொண்டு ஓடும் தனிமம். மேன்டில் கொஞ்சமாக உருகினால் இந்த விகிதம் எகிறும், நிறைய உருகினால் இறங்கும், மூலப்பாறை ஒன்றாகவே இருந்தாலும். ஒரே காப்பிப் பொடியில் முதல் டிகாஷனும் இரண்டாவது டிகாஷனும் போல. ஆனால் நியோடிமியம் 143, 144 இரண்டும் ஒரே தனிமம். எடையில் ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. உருகும் வெப்பத்தில் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. அதனால் எவ்வளவு உருகினாலும் அந்த விகிதம் மாறாமல் மேலே வருகிறது. 143 சமாரியத்திலிருந்து பிறப்பது, அந்தச் சமாரியத்துக்கு அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டு. இந்த எண் மாறியிருக்கிறது என்றால், நெடுங்காலம் தனித்தனியாக வாழ்ந்த இரண்டு மேன்டில்களைப் பார்க்கிறோம். முதல் எண் எவ்வளவு உருகியது என்பதையும் கலந்து பேசும். இரண்டாவது எண் எது உருகியது என்பதை மட்டும் பேசும். ஒற்றைத் தனிம விகிதத்தைப் பிடித்துக்கொண்டு "ஆழத்திலிருந்து எழும் மேன்டில் தூண் கண்டோம்" என்று முழங்கும் எழுத்தெல்லாம் மேம்போக்கு, வேறொன்றுமில்லை. 1973-இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே ரேக்யானஸ் தொடரில் ஷில்லிங் என்ற ஆய்வாளர், தெற்கே போகப் போக லாந்தனம்–சமாரியம் விகிதம் படிப்படியாகக் குறைவதைக் காட்டினார். ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பும் அதே தொடரில் அப்படியே இறங்கியதால்தான் ஐஸ்லாந்தின் மேன்டில் தொடர் நெடுகத் தெற்கே பரவுகிறது என்ற வாதம் நின்றது.

இன்னொன்று, நமக்குள் இருக்கட்டும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த இடம் ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே மலைத்தொடர் 4 கிலோமீட்டருக்கும் கீழே அமிழ்ந்து கிடக்கிறது. 1988-இல் ஆய்வாளர் எமிலி க்ளைனும் கூட்டாளிகளும் காட்டினார்கள்: கிழக்கு தீர்க்கரேகை 126 பாகையை ஒட்டி, சில பத்து கிலோமீட்டருக்குள், இந்தியப் பெருங்கடல் வகை மேன்டில் முடிந்து பசிபிக் வகை தொடங்குகிறது. மேலே அதே கடல், அதே மலைத்தொடர். அடியில் மட்டும் கோடு கிழித்தாற்போல எல்லை! எல்லை இருப்பதாலேயே ஓட்டம் இருக்கிறது என்று ஆகிவிடாது. அதற்குக் காலம் வேண்டும். தொடரிலிருந்து விலகிப்போன பழைய பாறைகளை அளந்தபோது, கடந்த 40 லட்சம் ஆண்டுகளில் பசிபிக் மேன்டில் ஆண்டுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் வீதம் மேற்கே தள்ளிக்கொண்டு வந்தது தெரிந்தது. இன்னும் பழைய கடல்தரையைத் துளைக்க 1999 இறுதியில் ஒரு கப்பல் போனது. கப்பலிலேயே பேரியத்தையும் சிர்கோனியத்தையும் அளந்து அடுத்த துளையை எங்கே போடுவது என்று முடிவெடுத்தார்கள். தனிம விகிதத்துக்கு உரிய மரியாதை அது. கடைசித் தீர்ப்பு கரையில், ஐசோடோப்பில்.

இப்போதைய மோகம் நில அதிர்வு அலைகளை வைத்து வரையும் சிவப்பு–நீலப் படங்கள் மீது. அவை இன்றைய நாளில் அலை எங்கே வேகமாகப் போகிறது, எங்கே மெதுவாகப் போகிறது என்று சொல்லும். அங்கே இருப்பது யாருடைய மேன்டில், எப்போது வந்தது என்று சொல்லாது.

பெட்-டிபி (PetDB) என்ற பாறை வேதியியல் தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே ஓடும் அந்தத் தென்கிழக்கு இந்தியத் தொடரில், கிழக்கு தீர்க்கரேகை 115 முதல் 135 பாகை வரையுள்ள கண்ணாடிகளை எடுங்கள். ஈயம் 206/204 விகிதத்தைத் தீர்க்கரேகைக்கு எதிராகப் புள்ளி வைத்துப் பாருங்கள். 126-ஐத் தாண்டும்போது புள்ளிகள் மேலே தாவும். அதைப் பார்த்த பிறகும் அட்டவணை சலிப்பூட்டுகிறது என்றால் எனக்கு எழுதுங்கள்.