அடுக்களைக்கு வந்த இறைவன் ஆலைக்குள்ளும் வருவாரா?

துருக்கி, லெபனோன் நாடுகளுக்கான தம் முதல் வெளிநாட்டுத் திருப்பயணத்தை முடித்துக்கொண்டு, 2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் உரோமை திரும்பினார் திருத்தந்தை பதினான்காம் லியோ. வானூர்தியில் செய்தியாளர்களிடம் பேசுகையில், தம்மை அறிந்துகொள்ள விரும்புவோர் புனித அகுஸ்தினாரின் எழுத்துகளோடு மற்றொரு சிறு நூலையும் படிக்கலாம் என்றார். சகோதரர் லாரன்ஸ் என்னும் கார்மேல் மடத்துப் பொதுநிலைத் துறவியின் பெயரால் வழங்கும் ‘இறைப்பிரசன்னப் பயிற்சி’ என்பதே அந்நூல்.

எங்கள் பங்கின் வாசகர் வட்டம் இந்நூலைத் தேர்ந்தெடுத்ததற்கு அச்செய்தியே காரணம். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்த பங்கு எங்களுடையது. ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பெரும்பாலோர் மின்னணு ஆலைகளில் பணிபுரிந்து, விடுதிகளில் தங்கியிருக்கும் இளம் பெண்கள். கார் ஆலையில் பணியாற்றும் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தொழிலாளருக்கு ‘மெஸ்’ நடத்தும் அம்மையார் ஒருவர் ஆகியோரும் வருவர். ஆங்கிலப் பதிப்பிலிருந்து வாரந்தோறும் சில பக்கங்களை நான் தமிழில் எழுதிப் படியெடுத்துக் கொடுப்பேன். ஒருவர் உரக்க வாசிப்பார்; சிறிது நேரம் மௌனமாக இருந்தபின் பேசுவோம்.

லாரன்சின் வரலாறு எளியது. இயற்பெயர் நிக்கோலா எர்மான். 1614இல் பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் பிறந்தவர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைக் கண்டார். அது மீண்டும் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணமே அவருக்கு இறைவனின் பராமரிப்பை வெளிப்படுத்தியது. முப்பதாண்டுப் போரில் படைவீரராகச் சென்று காயமுற்றுக் கால் ஊனமானார். பின்னர் ஒரு செல்வரிடம் ஏவலாளராக இருந்தார். 1640இல் பாரிஸ் நகரின் காலணியணியாக் கார்மேல் மடத்தில் சேர்ந்து, நெடுங்காலம் சமையலறையிலும், பின்னர் செருப்புத் தைக்கும் அறையிலும் உழைத்து, 1691இல் இறந்தார். அவருடைய உரையாடல்களையும் கடிதங்களையும் அவர் மறைவுக்குப் பின் தொகுத்து வெளியிட்டவர் ஜோசப் த பொஃபோர் என்னும் குரு.

நூலின் மையக் கருத்து ஒன்றே. செபத்துக்கென ஒரு நேரம், வேலைக்கென ஒரு நேரம் என்று வாழ்வைப் பிளக்க வேண்டுவதில்லை. சட்டியில் முட்டையைப் புரட்டும்போதும் இறைவனை நேசித்துப் புரட்டலாம். உள்ளம் விலகிப் போனால் கலங்காமல் மெல்லத் திருப்பிக் கொண்டுவரலாம். நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கையில் கிடைக்கும் அதே அமைதி, அடுக்களைச் சந்தடியிலும் கிடைக்கும்.

முதல் இரண்டு வாரங்கள் இனிதே கழிந்தன. மெஸ் நடத்தும் அம்மையார் நூலைத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து, உலை கொதிக்கும்வரை தாம் செபமாலை சொல்லும் வழக்கத்தை எடுத்துரைத்து, “இந்த மனிதர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்” என்றார். எனக்கும் மகிழ்ச்சி. அந்த ஞாயிறு மறையுரையில், “உங்கள் இயந்திரமே உங்கள் பீடம், உங்கள் வேலையே உங்கள் செபம்” என்று முழங்கினேன்.

மூன்றாம் வாரம், அதுவரை பேசாதிருந்த பெண் ஒருவர் வாய் திறந்தார். அவர் அமரும் இடத்திற்குப் பலகை ஒன்று வரும். நாற்பது நொடிக்குள் உதிரிப்பாகத்தைப் பொருத்தி, சரிபார்த்து, அனுப்பிவிட வேண்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். அவர் சொன்னது இதுதான்: “ஃபாதர், அவரு சட்டியைக் கீழே வைக்கலாம். நாங்க வைக்க முடியாது.”

விடை சொல்ல எனக்கு வழியிருந்தது. ஒறுத்தல், ஒப்புக்கொடுத்தல் என்று குருமடத்தில் கற்ற சொற்கள் நாவின் நுனிவரை வந்தன. ஆயினும் அவற்றைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண் தம் சோர்வைப் பற்றிக் குறை கூறவில்லை. ஒரு நூலைப் பற்றிய கூர்மையான விமர்சனத்தையே முன்வைத்தார். அதற்கு மறையுரையால் விடை பகர்வது முறையன்று. எனவே வீடு திரும்பி நூலை மீண்டும் படித்தேன். நான் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போதித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புலனாயிற்று.

முதலாவது, லாரன்சுக்குச் சமையல் வேலை பிடிக்கவில்லை. இயல்பாகவே அதன்மீது அவருக்கு வெறுப்பு இருந்தது என்று நூலே கூறுகிறது. இரண்டாவது, அவர் உடனடியாக அமைதி பெற்றுவிடவில்லை. துறவறத்தின் முதல் பத்தாண்டுகள் தம் மீட்பைக் குறித்த அச்சத்திலும் இருளிலும் கழிந்தன. மூன்றாவதே முக்கியமானது. அவர் வாழ்ந்த மடத்தில், அவிலா தெரேசா வகுத்த மரபுப்படி, ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் உள்ளத்துச் செபத்திற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. மணி அடித்தால் வேலையை நிறுத்தலாம், நிறுத்தவே வேண்டும். அடுக்களையில் அவர் கண்ட அமைதி, அந்த மௌன மணித்துளிகள் ஊட்டி வளர்த்த அமைதி. அம்மடத்துச் சுவர்களை அகற்றிவிட்டு அடுக்களையை மட்டும் எடுத்து வந்து தொழிலாளரிடம் நீட்டியது என் பிழை. நூலின் பிழை என்று சொல்ல வேண்டுமானால், அச்சுவர்கள் எல்லாருக்கும் உண்டு என்பதுபோல் அது அமைதியாகப் பேசிச் செல்வதைச் சொல்லலாம். தொகுத்தவரும் தொழிலாளி அல்லர் என்பதை இங்கே நினைவிற்கொள்வது நன்று.

இச்சூழலில்தான் வேறொருவரின் எழுத்துகளை வட்டத்திற்கு அறிமுகம் செய்தேன். அவர் சிமோன் வெய்ல் (1909–1943). பாரிசில் யூதக் குடும்பத்தில் பிறந்த மெய்யியல் ஆசிரியை. கிறிஸ்துவால் ஆட்கொள்ளப்பட்டும், திருச்சபையின் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்தவர். 1934 டிசம்பரில் ஆசிரியப் பணியினின்று விடுப்புப் பெற்று, மின்கருவி ஆலை ஒன்றில் சாதாரணக் கூலியாளாகச் சேர்ந்தார். 1935 ஜூன் முதல் ஆகஸ்டு வரை பாரிசை அடுத்த ரெனோ ஆலையில் உழைத்தார். இதைச் சொன்னவுடன் எங்கள் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கூட்டு முயற்சியாகத் திறக்கப்பட்ட ஆலையின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நாள்தோறும் செல்பவர்கள் அவர்கள்.

சிமோன் தம் ஆலை நாட்குறிப்பில் எழுதிய ஒரு நிகழ்ச்சி எல்லாரையும் தொட்டது. ஒரு நாள் பொதுப் பேருந்தில் ஏறியபோது, ‘அடிமையாகிய எனக்கு இதில் ஏறும் உரிமை எங்ஙனம் வந்தது?’ என்னும் பொருள்பட அவருக்கு ஒரு வியப்பு எழுந்ததாம். யாரேனும் தம்மை இறங்கச் சொல்லியிருந்தால், அதுவே இயல்பு எனக் கருதியிருப்பார். இதை நான் வாசித்ததும், எவரும் விளக்கம் கேட்கவில்லை.

1941–42இல் மார்செய் நகரில் தங்கியிருந்த காலத்தில், அடிமைத்தனமற்ற உழைப்புக்கான முதல் நிபந்தனையைக் குறித்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் தோழி நாற்பது நொடிக் கணக்கில் சொன்னதையே அக்கட்டுரை மெய்யியல் மொழியில் சொல்கிறது. செபம் என்பது கவனம். முழுமையான கவனமே செபத்தின் சாரம் என்பது சிமோனின் அடிப்படைக் கொள்கை. உழவன் ஏர் பிடிக்கும்போதும், தாய் தொட்டில் ஆட்டும்போதும், சமையற்காரர் உலைமுன் நிற்கும்போதும் கைகள் உழைக்கும். உள்ளம் தன் விருப்பப்படி நிமிரலாம். நொடிக்கு நொடி அளக்கப்பட்ட ஆலை வேலையோ கையை மட்டும் கேட்பதில்லை. சிந்திப்பதற்குப் போதாததாய், ஆயினும் வேறொன்றை நினைக்க விடாததாய், கவனத்தையே பறித்துக்கொள்கிறது. தொழிலாளரின் கவனத்திற்கு எதிரான இத்தாக்குதலை, தூய ஆவிக்கு எதிரான பாவத்தோடு ஒப்பிடும் அளவிற்குக் கடுமையாகக் கண்டிக்கிறார் அவர். கூலி குறைவு என்பது ஓர் அநீதி, உயர்த்தினால் தீரும். கவனம் களவுபோவதை எந்தக் கூலியாலும் ஈடுசெய்ய இயலாது. அக்கவனமே மனிதர் இறைவனை நோக்கும் கண் என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி.

எங்கள் வட்டம் சிமோனையும் கேள்வி கேட்காமல் விடவில்லை. கார் ஆலையில் பணியாற்றும் அன்பர், “அந்த அம்மா ஒரு வருசம்கூட முழுசா இல்லையே, ஃபாதர். வேண்டாம்னா அவங்களால திரும்பிப் போக முடிஞ்சுது” என்றார். நியாயமான கூற்று. அவருடைய கட்டுரையிலும் குறை உண்டு. உழவனுக்கு விதையும் கதிரும் இறைவனைக் காட்டும் உவமைகளாய் அமைகின்றன. ஆலைத் தொழிலாளிக்கு அவர் எதைக் காட்டுவார்? சிலுவையைத் தராசாகவும் நெம்புகோலாகவும் காணும் அவருடைய சிந்தனை அழகானதே. ஆயினும் எங்களிடம் அது எடுபடவில்லை. படித்தவரின் உவமையாகவே நின்றுவிட்டது. மாறாக, ஆலை வாழ்வால் நொறுங்கிய நிலையில் 1935இல் போர்ச்சுகல் சென்ற அவர், கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் மீனவப் பெண்கள் மெழுகுதிரி ஏந்திப் படகுகளைச் சுற்றிப் பாடிச் சென்றதைக் கண்டு, கிறிஸ்தவம் அடிமைப்பட்டோரின் சமயம் என உணர்ந்த செய்தி எல்லார் உள்ளத்திலும் பதிந்தது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த பெண் ஒருவர் தம் ஊர் மாதா திருவிழாவை நினைத்துக் கண்கலங்கினார்.

இவ்விரு நூல்களுக்கும் இடையே நின்று திருமறையைத் திறந்தபோது, விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரம் புதிதாய் ஒலித்தது. இஸ்ரயேலர் கேட்டது பாலைநிலத்தில் இறைவனை வழிபட மூன்று நாள் ஓய்வு. பார்வோன் தந்த விடை, வைக்கோல் இன்றி அதே எண்ணிக்கைச் செங்கல். அவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் வழிபாட்டைப் பற்றிப் பேசுகின்றனர் என்பது அவன் கணிப்பு. நம் மொழியில் ‘சும்மா இருத்தல்’ என்னும் தொடர் சோம்பலையும் குறிக்கும். தவத்தின் உச்சியையும் குறிக்கும். பார்வோனுக்கு முதற்பொருள் மட்டுமே தெரியும். திருச்சபையாகிய நமக்கு இரண்டாம் பொருள் தெரியும் என்கிறோம். ஆனால் அதை யாருக்காகப் பேசுகிறோம்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, புனித வாழ்வுக்கான அழைப்பு அனைவருக்கும் உரியது எனக் கற்பித்தது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், வேலைக்காக மனிதர் அல்லர், மனிதருக்காகவே வேலை என்று அறுதியிட்டார். இராமானுசர் பிறந்த ஊர் எங்கள் அருகில் உள்ளது. மறைவாய்க் காக்கும்படி பெற்ற திருமந்திரத்தை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மீது ஏறி ஊரறிய உரைத்தார் என்பது வழிவழி வரும் வரலாறு. அருளை அனைவர்க்கும் ஆக்குவதில் நம் சங்கத்தின் போதனையும் அந்த வரலாறும் ஒரே திசையில் நிற்கின்றன. ஆயினும், அனைவருக்கும் என்று அறிவித்தால் மட்டும் போதுமா? கேட்பதற்குக் காதும், காதுக்குப் பின்னால் ஓய்ந்த உள்ளமும் வேண்டாமா? உரிய ஓய்வுக்காகவும் மனிதத் தன்மையான வேலை வேகத்திற்காகவும் குரல் கொடுக்காத குரு ஒருவர், ‘வேலையே செபம்’ என்று போதிப்பாராயின், அவர் லாரன்சின் சீடர் அல்லர். பார்வோனின் மேற்பார்வையாளருக்குத் துணை நிற்பவர். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அப்படியானால் லாரன்சின் நூலை மூடிவைத்துவிடலாமா? நானும் அவ்வாறு எண்ணி, கேள்வி எழுப்பிய பெண்ணிடமே கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். அந்தப் பத்தாண்டு இருளைப் பற்றிய பக்கத்தை மட்டும் தமக்கு இன்னொரு படி எடுத்துத் தரும்படி வேண்டினார். அமைதியை வருணிக்கும் பக்கங்களைவிட அதுவே தமக்கு உதவியதாம். ‘பீ ஷிப்டு’ முடிந்து நள்ளிரவில் நிறுவனப் பேருந்தில் திரும்பும்போது, செபம் வராத தம் உள்ளத்தைக் குறித்து இனி வெட்கப்பட வேண்டியதில்லை என்று தமக்குத் தோன்றியதாகக் கூறினார். நான் மறைத்துவிட்ட பக்கத்தில் அவருக்கு இறைவன் கிட்டினார்.

வாசகர்களுக்கு என் பரிந்துரை இது. லாரன்சைத் தனியே படிக்காதீர்கள்; சிமோனையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் எவ்விடத்திலும் இறைவன் இருக்கிறார் என்பதை மறக்கவிட மாட்டார். பின்னவர், இறைவனைக் காணும் கண்ணை மனிதரிடமிருந்து பறிக்கும் ஏற்பாடுகள் உண்டு என்பதை மறக்கவிட மாட்டார். குருக்கள் இவ்விரண்டையும் மறையுரைக்கு முன்னர் படிப்பது நலம்.

எங்கள் வட்டத்தில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்துள்ளது. இப்போது வாசிப்புக்கு முன் இருபது நிமிடம் கோயிலில் மௌனமாய் அமர்கிறோம். விசிறி ஓடும், யாரும் எதையும் வழிநடத்துவதில்லை. இரவுப் பணி முடித்து வந்தவர்களில் இருவர் மூவர் அந்நேரத்தில் உறங்கிவிடுவர். தொடக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர்களை எழுப்ப முனைந்தார். குழந்தை இயேசுவின் தெரேசாவும் செப வேளையில் உறங்கியதுண்டு. பெற்றோர்க்கு உறங்கும் குழந்தையும் இனியதே என்று அவர் ஆறுதல் கொண்டார். அதை எடுத்துக்கூறி, எழுப்ப வேண்டாம் என்றேன்.

அவர்கள் உறங்குகின்றனர். நாற்பது நொடிக்கு ஒரு முறை அவர்கள் முன் எதுவும் வந்து நிற்பதில்லை. ஆலைக்குள் இறைவன் வருவாரா என்னும் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழுமையான விடை இல்லை. அந்த இருபது நிமிடத்தைக் காப்பது என் கடமை என்பது மட்டும் தெளிவாகியிருக்கிறது.