உரிமையாளர் யார்?

கடவுச்சொல்லைத் தராமலே ஒரு செயலிக்கு அனுமதி தரும் நெறிமுறை ஓஆத். 2007-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் 'கன்ஸ்யூமர்' என்றொரு சொல். நுகர்வோர், அப்படீன்னா நாமதானே? இல்லை. நம் படங்களைக் கேட்டு வரும் செயலிக்கு அந்தப் பெயர்! இதில் குழம்பி, பயனரின் டோக்கன் இருக்கவேண்டிய இடத்தில் செயலியின் சாவியை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் திண்டாடியிருக்கிறேன்.

2010-இன் ஆர்எஃப்சி 5849 அதை 'கிளையண்ட்' ஆக்கியது. பெரிய முன்னேற்றம்னு சொல்ல மாட்டேன். எங்கோ சர்வரில் ஓடும் நிரலும் இங்கே கிளையண்ட்தான். ஆனால் அதே ஆவணம் 'யூசர்' என்பதை 'ரிசோர்ஸ் ஓனர்' என்று மாற்றியது. வாயில் நுழையாத சொல். இருந்தும் எனக்கு அதுதான் பிடிக்கும். பயனர் என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்பவர்; உரிமையாளர் என்றால் அவரிடம் கேட்டாக வேண்டும். 2012-இல் ஓஆத் 2.0 வந்தபோதும் அந்தச் சொல் தப்பிப் பிழைத்தது. 'டோக்கன் கிரெடென்ஷியல்ஸ்' மட்டும் போய், பழைய 'அக்சஸ் டோக்கன்' திரும்பி வந்தது. நல்லவேளை.