கல்லும் சாளரமும்: பிரெஞ்சுச் சிற்றூர் வீடுகள் – ஒரு நோக்கு

பிரான்சு நாட்டின் சிற்றூர்களைப் பற்றிப் பயண நூல்கள் பேசுமிடத்து ஒரே சொல் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது: அழகு. சிவந்த கல் அழகு. சரிந்த கூரை அழகு. சாளரத்து நீலப் பலகை அழகு. ஊரை ஓவியமாகப் பார்க்கும் இப்பார்வை குற்றமுடையதன்று, ஆயினும் குறையுடையது. அவ்வூர்களைக் கட்டிய கொத்தரும் தச்சரும் உழவரும் கண்ணுக்கு விருந்து படைப்பதை மட்டும் கருதிக் கட்டினாரல்லர். கைக்கெட்டிய கல், ஓயாது வீசிய காற்று, அரசு விதித்த வரி, குடும்பத்தின் மானம் ஆகியவை எழுப்பிய வினாக்களுக்கு அவர்கள் கண்ட விடைகளே இன்று எழில்மிகு நுணுக்கங்களாகப் போற்றப்படுகின்றன. வினாவை மறந்து விடையை வியப்பவர் அக்கலையைப் பாதியே அறிந்தவராவர்.

கொரேஸ் மாவட்டத்துக் கொலோஞ்சு லா ரூஜ் என்னும் ஊரை முதற்கண் நோக்கலாம். பெயரிலேயே சிவப்பை உடைய ஊர் அது. வீடு, கோபுரம், தேவாலயம் யாவும் இரும்புச்சத்து ஏறிய செம்மணற்கல்லால் எழுந்தவை. அருகிலே வெட்டக் கிடைத்த கல் அதுவே. மாட்டு வண்டிக் காலத்தில் தொலைவிலிருந்து கல் கொணர்வது எளிய குடிக்கு ஆகாத செலவு. அத்தகைய ஊரில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் வாயில் முகப்பு மட்டும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லாக விளங்குவது எண்ணத்தக்கது. இயேசுபிரான் விண்ணேறும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஆடை மடிப்பும் முகபாவமும் துலங்க நுண்ணிய உளிவேலைக்கு இணங்கும் கல் வேண்டும். ஆதலின் அவ்வெண்மை, நிறப்பொருத்தம் தேடியவர் கண்ட உத்தியாக அன்றிச் சிற்பியின் தேவையாகவே பிறந்தது எனக் கொள்வது பொருந்தும்.

அவ்வூரின் கோபுர வீடுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. துரேன் சிற்றரசரின் ஆட்சிப் பகுதியாக இருந்த அந்நிலம், 1738இல் பிரெஞ்சு மன்னருக்கு விற்கப்படும் வரை அரச வரிக்கு உட்படாதது. சிற்றரசரின் அலுவலர்கள் தத்தம் தகுதியைத் தெருவுக்கு அறிவிக்கக் கோபுரம் வைத்துக் கட்டினர். 1583ஆம் ஆண்டைச் சேர்ந்த வாசிஞாக் மாளிகை அவற்றுள் ஒன்று. செல்வர் வீட்டுப் பெருமிதம் இன்று எல்லார்க்கும் பொதுவான காட்சியாயிற்று!

வரி செய்த வேலை சாளரத்தில் இன்னும் வெளிப்படை. 1798 முதல் 1926 வரை பிரான்சில் கதவுக்கும் சாளரத்துக்கும் வரி இருந்தது. வெளிச்சம் வரும் வழியை எண்ணிக் காசு கேட்டது அரசு. சாளரங்களை அடைத்தவர் உண்டு. புதுவீட்டில் அவற்றைக் குறைத்தவரும் உண்டு. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கிய நாவலின் மூலத்தில், விக்டர் யூகோ இவ்வரியின் கொடுமையை ஆயரின் வாயிலாகவே பேச வைத்துள்ளார். கல் வைத்து மூடிய ஒரு சாளரத்தைக் கண்டு ‘என்ன பழமை, என்ன இனிமை’ என்பவர், அதன் உட்புறத்து இருளில் இருமிக் கிடந்தவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

தெற்கே புரொவான்சு நாட்டில் வரியின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. வடக்கிலிருந்து சீறிவரும் மிஸ்திரால் காற்றுக்கு வீடுகள் முதுகு காட்டி நிற்கின்றன. வடசுவரில் திறப்புகள் அரிது. மணிக்கோபுரத்தின் உச்சியோ கல்லாக இராது, கூண்டுபோல் பின்னிய இரும்புக் கம்பிகளாக இருக்கும். காற்று ஊடே புகுந்து போய்விடும், மணி நிலைக்கும்.

காரணம் மறந்த அழகுணர்ச்சி தீங்கும் செய்யும் என்பதற்குச் சுவர்ப்பூச்சே சான்று. செதுக்கிச் சமன்செய்த கல் வெளியே தெரிய நிற்கும். ஒழுங்கற்ற சிறுகற்களால் எழுப்பிய சுவருக்கோ பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்து பூசுவது பண்டை வழக்கம். அப்பூச்சு மழையைத் தடுத்தது. உள்ளீரத்தை மெல்ல வெளிவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் ‘கல் தெரிந்தால்தான் பழமை’ என்னும் மோகம் பரவவே, பூச்சைக் கொத்தி எறிந்தனர். இடைவெளியைச் சில இடங்களில் சிமெண்டால் அடைத்தனர். ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் நொந்தது. பழமையைக் காட்ட வேண்டிப் பழமையை உரித்தெடுத்த விந்தை இது. 1982இல் கொலோஞ்சு ஊரின் மேயர் சார்ல் செராக் முயற்சியால் பிரான்சின் பேரழகுச் சிற்றூர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 2000 பேருக்கு மேற்படாத ஊர்களே அதிற் சேரலாம். இன்று ஏறத்தாழ 180 ஊர்கள் உள்ளன. பாழடைய இருந்த ஊர்களுக்கு அது வாழ்வு தந்ததை மறுத்தல் நேர்மையன்று. எனினும் பட்டியலில் இடம்பெற்ற ஊர், பார்க்க வருபவரின் கண்ணுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அபாயமும் கூடவே வருகிறது.

அச்சங்கத்தைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று ஐனோவா; ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பாஸ்க்கு மக்களின் ஊர். அங்கே வீடுகளின் முகம் கிழக்கு நோக்கியது. மேற்குக் கடலின் மழைச்சாரலை முதுகு ஏற்கிறது. வெள்ளைச் சுவரில் சிவப்பு அல்லது பச்சை தீட்டிய மரச்சட்டங்களைப் படமெடுக்காதார் குறைவு. ஆனால் அவ்வூரின் அரும்பொருள் ‘கொரித்தியா’ என்னும் வீட்டின் வாயில்மேல் உள்ள கல்லெழுத்தே. மறைந்த தன் மகன் இந்தியத் தீவுகள் எனப்பட்ட தொலைநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தைக் கொண்டு, மரீ தெ கொரித்தி என்னும் தாய் அவ்வீட்டை மீட்டு வாங்கினாள் என்று அது கூறுகிறது. அணி இல்லை, உவமை இல்லை. ஒரு வழக்குரைஞர் எழுதித் தந்த பத்திரம்போல் வறண்ட நடை. மகன் மறைந்தான் என்பதை ஒரே சொல்லில் கடந்து, பணம் வந்த வழியை விளக்கி, இவ்வீட்டை எவரும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என ஆணையிட்டு, 1662 என்று ஆண்டைப் பொறித்து அக்கல் நின்றுவிடுகிறது.