சிவப்பை நிரலுக்குள் புதைக்கலாமா?

ஜாவாஸ்கிரிப்ட் கற்பவர் எழுதும் முதல் நிரல்களில் ஒன்று, பொத்தானை அழுத்தினால் எழுத்தைச் சிவப்பாக்குவது. உறுப்பின் 'ஸ்டைல்.கலர்' பண்புக்கு 'ரெட்' என்று கொடுத்தால் போதும், பக்கம் மறுபடி ஏறாமலே நிறம் மாறிவிடும். எழுதியது உடனே கண்ணுக்குத் தெரிவதால் வகுப்பறைக்கு அருமையான பாடம். சிக்கல், அதே வரி வேலைக்கும் வந்து சேர்வதில்தான்.

ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது; நிரல் அதைச் சிவப்பாக்குகிறது. அந்த நிறம் உறுப்பின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். சிஎஸ்எஸ் கோப்பில் வடிவமைப்பாளர் என்ன எழுதினாலும், 'இம்பார்ட்டன்ட்' போடாமல் அதை அசைக்க முடியாது. எண்ணைத் திருத்தியதும் பழைய நிறம் வர வேண்டுமே என்று பலர் 'பிளாக்' என இன்னொரு வரி சேர்ப்பார்கள். தளம் டார்க் மோடுக்கு மாறினால் கறுப்பின் மேல் கறுப்பு, எண்ணே தெரியாது. வெற்றுச் சரத்தைக் கொடுத்திருந்தால் சிஎஸ்எஸ் சொன்ன நிறம் தானாகத் திரும்பியிருக்கும்.

சிவப்பும் குற்றமற்றதல்ல. வெள்ளைப் பின்னணியில் தூய சிவப்பின் ஒளிமாறுபாடு ஏறத்தாழ 4:1. 2008-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பதோ 4.5:1. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக்கூடாது என்பதும் அவற்றில் உண்டு. சிவப்பைப் பிரித்தறிய முடியாதவருக்கும் திரைவாசிப்பானில் கேட்பவருக்கும் அந்தப் படிவம் எதையுமே சொல்லவில்லை. பக்கத்தில் 'பத்து இலக்கம் தேவை' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அதற்காக நிரலை ஒதுக்கிவிட வேண்டாம். எண் சரியா என்று பார்ப்பது அதன் வேலைதான் (எளிய சோதனைகளை எச்டிஎம்எல்லே செய்துவிடும், அது வேறு கதை). பிழை கண்டால் 'பிழை' என்றொரு கிளாஸைச் சேர்க்கட்டும், திருத்தியதும் நீக்கட்டும். நிறம் சிஎஸ்எஸ்ஸில் இருக்கட்டும். 1996-இல் அது தரமாக வந்ததே தோற்றத்தைத் தனியே வைக்கத்தான்.

நேரடியாக நிறம் கொடுப்பது பொருந்தும் இடமும் உண்டு. பயனரே வண்ணம் தேர்ந்தெடுக்கும் செயலியிலும், தரவைக் கணக்கிட்டு நிறம் தீட்டும் வரைபடத்திலும் எந்த நிறம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அங்கும் சிஎஸ்எஸ் மாறியில் அந்த மதிப்பை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உங்கள் பழைய நிரல்களில் 'ஸ்டைல்.கலர்' என்று தேடிப் பாருங்கள். எதிரே 'ரெட்', 'பிளாக்' என்று இருந்தால், டார்க் மோடைப் போட்டு அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.