செய்தி மூலமும் சட்டத்தின் புறநடையும்

செய்தி தந்தவரைக் காட்டிக்கொடாமை இதழியலின் அடிப்படை அறமாகும். இவ்வறத்திற்கு இந்தியாவில் சட்டத்துணை உண்டு என்போர், 1978ஆம் ஆண்டுப் பத்திரிகை மன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சான்றாகக் காட்டுவர். அப்பிரிவின் சொற்கள் அத்துணைப் பொருளைத் தாங்கவல்லன அல்ல என்பதே நம் கருத்து.

இலக்கணத்தில் புறநடை, தான் சார்ந்த விதியின் எல்லையைக் கடந்து செல்வதில்லை. 15ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் பத்திரிகை மன்றத்திற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களை வழங்குகிறது. இரண்டாம் உட்பிரிவோ, முதல் உட்பிரிவில் உள்ள எதுவும் செய்தி மூலத்தை வெளியிடுமாறு இதழையோ செய்தியாளரையோ கட்டாயப்படுத்துவதாகக் கொள்ளப்படாது என்கிறது. ஆகவே, இப்புறநடை மன்றத்தின் அதிகாரத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே இயன்ற மன்றத்தின்முன் காப்பு உண்டு. சிறையிலடைக்க வல்ல நீதிமன்றத்தின்முன் இல்லை.

மேலும், இவ்வுட்பிரிவு ‘மூலம்’ ஒன்றையே சுட்டுகிறது. குறிப்பேடு, நிழற்படம் முதலியவற்றைப் பற்றிப் பேசவில்லை. இன்று கைத்தொலைபேசியைக் கைப்பற்றினால், செய்தியாளர் வாய்திறவாமலே மூலம் வெளிப்பட்டுவிடும். பெகாசஸ் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், மூலப் பாதுகாப்பு பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படைகளுள் ஒன்று என்றது. செய்தியாளரின் கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறைகள் தேவை என 2023 நவம்பரில் அரசிடம் வலியுறுத்தியது. எனினும், நீதிமன்றக் கருத்து சட்டவிதிக்கு ஈடாகாது.

இக்குறை முன்பே உணரப்பட்டதுதான். சாட்சியச் சட்டத்தில் 132அ என்னும் புதிய பிரிவைச் சேர்க்குமாறு இந்தியச் சட்ட ஆணையம் 1983ஆம் ஆண்டின் 93ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், கணவன் மனைவி உரையாடலையும் வழக்கறிஞரிடம் கூறியதையும் பழைய சட்டம்போலவே காக்கிறது. செய்தியாளருக்கு மட்டும் இடமளிக்கவில்லை.

வரம்பற்ற காப்பு பொய்ச்செய்திக்கு அரணாகும் என்னும் மறுப்பு நியாயமானதே. ஆயினும், வரம்புடன் விதி வகுத்தல் இயலாததன்று. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நீதியின் நலன், நாட்டுப் பாதுகாப்பு, குற்றத்தடுப்பு ஆகியவற்றிற்கு இன்றியமையாதது என நிறுவப்பட்டாலன்றி மூலத்தைக் கேட்கலாகாது என விதித்துள்ளது. அங்குக் காப்பு பொதுவிதி, வெளிப்படுத்தல் புறநடை. இந்தியச் சட்டத்திலோ காப்பே புறநடையாக நிற்கிறது. இம்முறை மாறாதவரை, செய்தி தந்தவருக்குச் செய்தியாளரின் மனவுறுதியன்றி வேறு துணையில்லை.