கருப்பொருள் யாருடையது?

ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றுக்குத் தமிழ் எம்.ஏ. என்கிற தகுதியில் போயிருந்தேன். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, பாடங்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போடாமல் ஒரே கருப்பொருளைச் சுற்றி நடத்துவது எப்படி என்பது பேச்சு. சார்ட்டின் நடுவில் 'தண்ணீர்' என்றெழுதி வட்டம் போட்டார்கள். தமிழுக்கு மழைப் பாட்டு, அறிவியலுக்கு ஆவியாதல், சமூக அறிவியலுக்கு அணைகள், கணக்குக்கு மேல்நிலைத் தொட்டியின் கனஅளவு. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் பிடிக்கப் போகிற ஆளை அந்த வட்டத்துக்குள் எங்கும் காணோம்.

தொல்காப்பியம் படித்தவனுக்குக் கருப்பொருள் என்ற சொல் சும்மா காதில் விழாது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். ஆனால் கவிதைக்குள் வரும்போது கருவைவிட உரிப்பொருள்தான் சிறந்தது, அதாவது மனிதருக்கிடையே நடப்பது. நம் பாடத்திட்டக்காரர்கள் கருவை எடுத்துக்கொண்டு உரியை விட்டுவிட்டார்கள்.

இந்த ஒருங்கிணைப்பு ஒன்றும் புதுச் சரக்கில்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் குழு 7 முதல் 14 வயது வரைக்கான ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. தினசரி 5 மணி 30 நிமிடத்தில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், தாய்மொழிக்கு 40 நிமிடம். நூற்பது வழியாகவே கணக்கும் பருத்தி விளையும் மண்ணும் கம்பெனி ஆட்சியின் வரலாறும் வரவேண்டும். இதில் ஒரு கலகம் இருந்ததை நான் மறுக்கவில்லை. எழுத்து ஒருத்தனுக்கு, உழைப்பு இன்னொருத்தனுக்கு என்று பிரித்து வைத்ததுதானே சாதி? அந்தப் பிரிவினையைப் பள்ளிக்குள்ளேயே, எல்லாப் பிள்ளைகள் கையிலும் தக்ளியைக் கொடுத்துக் கலைக்கப் பார்த்தார்கள். ஆனால் தக்ளியைத் தேர்ந்தெடுத்தது பெரியவர்கள். பிள்ளையைக் கேட்கவில்லை.

ராஜாஜியின் 1953ஆம் வருடத் திட்டத்தையும் இதையும் ஒரே மூச்சில் திட்டுவது நம்மவர்கள் வழக்கம். இரண்டும் ஒன்றில்லை. அது தொடக்கப் பள்ளிக்கானது. கிராமங்களில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. வார்தாவில் தொழில் பள்ளிக்குள் வந்தது. இங்கே பிள்ளை தொழிலுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. வீட்டுத் தொழில் என்றால் இந்த மண்ணில் சாதித் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். வாழ்க்கையோடு இணைந்த கல்வி என்று யாராவது சொன்னால், 'யார் வாழ்க்கையோடு?' என்று கேட்கும் புத்தி நமக்கு அங்கிருந்து வந்தது.

பிள்ளையைக் கேட்டவர் அமெரிக்கரான ஜேம்ஸ் பீன். நடுநிலைப் பள்ளிப் பாடத்திட்டம் பற்றிய அவருடைய நூல் 1990இல் வந்தது. உன்னைப் பற்றி உனக்கென்ன கேள்விகள், உலகத்தைப் பற்றி என்ன கேள்விகள் என்று வளரிளம் பருவத்தினரிடமே கேட்கவேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கருப்பொருள் பிறக்கும். பாடங்கள் அதற்கு வேலை செய்யும். முதலில் தனித்தனியாக எழுதி, பிறகு குழுவாகக் கூடிப் பொதுவான கேள்விகளைப் பொறுக்குவார்கள். பிள்ளையின் கேள்வியைப் பாடமாக்குகிற இந்தத் துணிச்சலுக்கு முன்னால் நம்முடைய சார்ட் வெறும் அலங்காரம்.

ஆனாலும் அந்தப் 'பொதுவான' என்ற சொல்லில் நான் தடுக்கி விழுகிறேன். நாற்பது பேர் வகுப்பில் நாலு பேருக்கு மட்டும் உள்ள கேள்வி பொதுவாகாது. ஊரும் சேரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வகுப்பில், பெரும்பான்மையின் ஆர்வம் ஊரின் ஆர்வமாகத்தான் இருக்கும். ஜனநாயகமாகக் கைதூக்கச் சொல்லியே ஒரு கேள்வியைப் புதைத்துவிடலாம். அந்த நாலு பேரும் கைதூக்கவே மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பன்னிரண்டு வயதுக்குள் எதை வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பதை அந்தப் பிள்ளை படித்து முடித்திருக்கும். அந்தப் பாடத்துக்குப் புத்தகமே தேவைப்படவில்லை.

ஆகவே, தனித்தனியாக எழுதிய தாள்களைக் குழு தொடுமுன் ஆசிரியர் படிக்கட்டும். யாரோடும் சேராத கேள்வியைக் கழித்துவிடாமல், எழுதியது யார் என்று காட்டாமல், தன் கேள்வியாக அவரே வட்டத்தின் நடுவில் வைக்கட்டும். அதற்குரிய அடி பிள்ளைமேல் விழாமல் அவர்மேல் விழட்டும். சம்பளம் வாங்குகிறவர் அவர்தானே.

கூட்டத்தில் மேல்நிலைத் தொட்டிக் கணக்கைக் காட்டி ஒன்று கேட்டேன். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரிந்ததே, அதை ஒரு பிள்ளை கேட்டால் எந்தப் பாடத்தில் வைப்பீர்கள்? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், 'சார், அது சென்சிட்டிவ்' என்றார். ஆரம், உயரம் எல்லாம் சார்ட்டில் அப்படியே இருந்தன. டீ வந்துவிட்டது.